இரைச்சல் கூருணர்வும் அன்றாட வாழ்வும்

இரைச்சல் கூருணர்வு என்பது, அருகில் உள்ள மற்றவர்கள் பொருட்படுத்தாத ஒலிகள் ஒருவருக்குத் தாங்க முடியாத தொல்லையாகவோ வலியாகவோ அச்சமாகவோ அமையும் நிலையாகும். பேச்சுவழக்கில் ‘காது கூசுது’ என்றும், ‘அவருக்குச் சத்தம் ஆகாது’ என்றும் சொல்வார்கள். இது ஒரு தனி நோயின் பெயர் அன்று. வெவ்வேறு காரணங்களால் வரும் பல நிலைகளுக்கான பொதுப்பெயர். செவிட்டுத்தன்மைக்கு இது நேர் எதிரானது என்று நினைப்பவர்கள் உண்டு, அதுவும் சரியன்று. காது மந்தமானவர்களிடமும் இந்தக் கூச்சம் காணப்படுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்நிலை எப்படித் தோன்றுகிறது, இதனோடு எப்படி வாழலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிற்பேட்டை, இருப்புப்பாதை, நெடுஞ்சாலை, குடியிருப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த பகுதி இது. இங்கே ‘ஒலி அதிகமா, காது கூச்சமா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ‘இரண்டும்’ என்பதே விடை.

காதும் மூளையும்

ஒலியின் அளவு டெசிபலில் சொல்லப்படுகிறது. இது சாதாரணக் கூட்டல் அளவு அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. ஆனால் நம் காதுக்கு அது ஏறக்குறைய 2 மடங்கு உரப்பாகவே தோன்றுகிறது. இருவர் அமைதியாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். ஓடும் மிக்சியின் அருகே அது 80-ஐத் தாண்டும்.

வரும் ஒலியைத் தணிப்பதற்கு உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. நடுச்செவியில் அங்கவடி எலும்பு என்னும் சிற்றெலும்பு இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டேபீடியஸ் என்ற தசை உடலிலேயே மிகச் சிறிய எலும்புத் தசையாகும். உரத்த ஒலி வரும்போது இத்தசை இறுகி, உட்செவிக்குச் செல்லும் அதிர்வைக் குறைக்கிறது. ஆனால் இறுகுவதற்கு நொடியின் சிறு பகுதி தேவைப்படும். அதனால்தான் தொடர்ந்து ஓடும் இயந்திரத்தைத் தாங்கும் காது, திடீரென வெடிக்கும் பட்டாசுக்குத் துடித்துப்போகிறது. இத்தசையை இயக்குவது முகநரம்பு. முகவாதம் வந்தவர்களில் சிலர், பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஒலி மிக உரப்பாகக் கேட்பதாகச் சொல்வதன் காரணம் இதுவே.

எனினும் கூச்சத்தின் பெரும்பகுதி காதில் இல்லை, மூளையில் இருக்கிறது. உட்செவியின் மயிரிழைச் செல்கள் அனுப்பும் குறிப்புகளை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. குறைவாக வந்தால் பெருக்கிக்கொள்கிறது, அதிகமாக வந்தால் தணித்துக்கொள்கிறது. வானொலியின் ஒலியளவுத் திருகு போன்றது இது. நெடுநாள் இரைச்சலால் செல்கள் சேதமடைந்து குறிப்பு குறையும்போது, ஈடுகட்ட மூளை திருகை ஏற்றிவைக்கிறது. பிறகு வரும் சாதாரண ஒலியும் அலறலாகக் கேட்கிறது. காதிரைச்சல் உள்ளவர்களிடம் ஒலிக்கூச்சமும் சேர்ந்து காணப்படுவதை ஆய்வாளர்கள் இவ்வாறே விளக்குகிறார்கள்.

நான்கு விதக் கூச்சம்

இந்த நான்கையும் பிரித்தறிவது முக்கியம். ஒன்றுக்கு உதவும் வழி மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம்.

முதலாவது மிகையொலி உணர்வு. மருத்துவர்கள் இதை ஹைப்பரக்யூசிஸ் என்பார்கள். எந்த ஒலியாக இருந்தாலும் அளவு கூடும்போது வலிக்கிறது. பொதுவாக மனிதர்கள் 100 டெசிபலை நெருங்கும்போதுதான் ‘போதும்’ என்பார்கள். இவர்களுக்கு அந்த எல்லை 80-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. எவர்சில்வர் தட்டு தரையில் விழும் ஒலியே ஊசியாகக் குத்தும்.

இரண்டாவது ஒலிவெறுப்பு, அதாவது மிசோஃபோனியா. 2001-இல் மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் இப்பெயரை வைத்தனர். இதில் ஒலியின் அளவு முக்கியமில்லை, ஒலியின் வகையே முக்கியம். பக்கத்தில் ஒருவர் சப்புக்கொட்டிச் சாப்பிடுவது, மூக்கை உறிஞ்சுவது, பேனாவின் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பது போன்ற சிற்றொலிகள் அடக்க முடியாத கோபத்தையோ அருவருப்பையோ எழுப்பும். 2017-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழுவினர், இத்தகையோர் அவ்வொலிகளைக் கேட்கும்போது மூளையின் முன் இன்சுலா என்னும் பகுதி அளவுக்கு மீறி இயங்குவதை வெளியிட்டனர். ‘வேணும்னே முகத்தைக் காட்டுறா’ என்று வீட்டில் திட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வகையினரே.

மூன்றாவது ஒலியச்சம். ஒலி வரும் முன்பே, ‘வந்துவிடுமோ’ என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. தீபாவளிக்கு 10 நாள் முன்பே தூக்கம் கெடுவது இதற்கு நல்ல உதாரணம். தலைவலி வேளையில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஒலியை ஒதுக்குவதையும் மருத்துவ நூல்கள் இதே சொல்லால் குறிப்பதுண்டு, அது வேறு.

நான்காவது, குணமாகவே அமைந்த இரைச்சல் உணர்திறன். காதில் கோளாறு இல்லை, வலி இல்லை. ஆனால் இரைச்சலில் கவனம் சிதறுகிறது, எரிச்சல் வருகிறது, மற்றவர்களைப் போலப் பழகிப்போவதில்லை. 1978-இல் நீல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளக்க 21 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். கல்லூரி விடுதி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கூருணர்வு குறைந்தவர்களின் தொல்லை கல்வியாண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் நின்றதையும், கூருணர்வு மிகுந்தவர்களின் தொல்லை மாதங்கள் செல்லச் செல்லக் கூடியதையும் கண்டார். ‘போகப் போகப் பழகிடும்’ என்ற ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

இவை தவிர, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் ஒலிக்கூச்சம் மிகுதி. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் வகைப்பாட்டில், புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தலைக்காயம் பட்டவர்கள், முதுமையில் செவித்திறன் குறைந்தவர்கள் ஆகியோரிடமும் இது காணப்படுகிறது. காது மந்தமான தாத்தா ‘சத்தமாப் பேசு’ என்பார். சற்றே உயர்த்தினால் ‘ஏன் கத்துற’ என்பார். கேட்கும் எல்லைக்கும் கூசும் எல்லைக்கும் இடையிலான வெளி சுருங்கிவிட்டதுதான் காரணம்.

மேற்குப் புறநகரின் ஒலி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது, அது ஆவடி வழியாகவே சென்றது. இன்று பெங்களூரு, கோயம்புத்தூர், மும்பை செல்லும் வண்டிகளும், அரக்கோணம் வரையிலான மின்தொடர் வண்டிகளும், சரக்கு வண்டிகளும் இரவும் பகலும் அதே வழியில் ஓடுகின்றன. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. அதே பத்தாண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளியிட்டது. பூந்தமல்லியோ பெங்களூரு நெடுஞ்சாலையின் வாயில். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான வழித்தடம் வந்தபோது, கட்டுமான ஒலியும் அந்தச் சாலையோரத்தில் சேர்ந்துகொண்டது.

இத்தகைய இடத்தில் ஒலி ஒரே வகையாக இருப்பதில்லை. நெடுஞ்சாலை இரைச்சல் கடல் போலத் தொடர்ந்து வரும். பலர் அதைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். லேத்துப் பட்டறை, தகடு வெட்டும் இயந்திரம், மின்வெட்டின்போது ஜெனரேட்டர் ஆகியவை விட்டுவிட்டு வரும். பின்னோக்கி வரும் வண்டியின் ரிவர்ஸ் ஹாரன், பதிவுசெய்த குரலில் கூவும் தள்ளுவண்டி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக், சாவு மேளத்தோடு வெடிக்கும் சரவெடி ஆகியவை முன்னறிவிப்பின்றி வரும். கூருணர்வு உள்ளவரை வாட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையே. மீட்டரில் சராசரி அளவு எடுத்தால் இவை ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும்.

இவற்றோடு ஆண்டுச் சுழற்சி ஒன்றும் உண்டு. ஆடியில் அம்மன் கோயில் கூழ்வார்ப்பும் ஒலிபெருக்கியும், மார்கழியில் விடியற்காலைப் பாட்டு, ஐப்பசியில் தீபாவளி, தேர்தல் வந்தால் பிரசார ஆட்டோ. இவை நாள்காட்டியில் முன்கூட்டியே தெரிபவை என்பது, பின்னர் சொல்லப்போவது போல, ஒரு நன்மை.

பூந்தமல்லிக்கே உரிய வேறொரு கோணமும் உண்டு. பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கான அரசுப் பள்ளியும், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கு உள்ளன. வெண்கோலுடன் நடப்பவருக்கு ஒலிதான் வழிகாட்டி. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, நடைமேடை எங்கே முடிகிறது என்பதெல்லாம் செவிவழியே தெரிய வேண்டும். தேவையற்ற ஹாரன் அவருக்கு எரிச்சல் மட்டும் தருவதில்லை. கண்ணைக் கட்டுவதற்குச் சமம். இரைச்சலைக் குறைப்பதை ‘மென்மையானவர்களின்’ கோரிக்கையாக மட்டும் பார்ப்பது எவ்வளவு குறுகலானது என்பதை இந்த ஓர் உதாரணமே காட்டும்.

காதை அடைத்துக்கொள்வதன் சிக்கல்

கூச்சம் வந்தவுடன் எவரும் செய்வது காதை அடைப்பது. கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு இயர்பிளக், தலையில் மாட்டும் காதுறை, ஒன்றுமில்லாவிட்டால் பஞ்சு. உரத்த ஒலியில் இது சரியான செயல். ஆனால் நாள் முழுவதும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

2003-இல் அமெரிக்காவில் கிரெய்க் ஃபார்ம்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. செவித்திறன் இயல்பாக உள்ளவர்களில் சிலரை இரண்டு வாரங்கள், ஏறக்குறைய நாள் முழுவதும், காதடைப்பானுடன் இருக்கச் செய்தனர். வேறு சிலருக்கு மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து தரும் சிறு கருவியைக் காதில் பொருத்தினர். முடிவில், அடைத்துக்கொண்டவர்களுக்கு அதே ஒலிகள் முன்பைவிட உரப்பாகக் கேட்டன. மெல்லொலியுடன் இருந்தவர்களுக்கோ தாங்கும் எல்லை கூடியிருந்தது. மேலே சொன்ன ஒலியளவுத் திருகு இரு பக்கமும் திரும்பக்கூடியது என்பதே இதன் பொருள். அமைதியைத் தேடித்தேடி அடைத்துக்கொள்பவருக்குக் கூச்சம் வளர்கிறது. வளர்ந்த கூச்சம் இன்னும் இறுக்கமாக அடைக்கச் சொல்கிறது. இந்தச் சுழலில் சிக்கி, வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு.

ஆகவே விதி எளியது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இடங்களில், அதாவது பட்டறை, பட்டாசு, கூம்பு ஒலிபெருக்கியின் அடி, திருமண மண்டபத்தின் பேண்டு வாத்தியம் போன்றவற்றில், எவராக இருந்தாலும் காதைக் காக்க வேண்டும். சந்தை, பேருந்து, வீட்டுச் சமையலறை போன்ற நடுத்தர ஒலிகளில் காதைத் திறந்துவைத்துப் பழக வேண்டும். முடியாத நாளில் சிறிது நேரம் மட்டும் அடைக்கலாம். இரவு முழுவதும் முற்றமைதியில் தூங்குவதைவிட மின்விசிறியின் ஓசையோடு தூங்குவது நல்லது. நம் ஊரில் சீலிங் ஃபேன் காற்றுக்காக மட்டும் ஓடுவதில்லை. பலருக்கு அது அறியாமலே ஒலிமருந்தாகவும் இருக்கிறது.

ஒலிநீக்கும் ஹெட்போன் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பேருந்து எஞ்சின், ஏசி போன்ற தாழ்ந்த தொடர் ஒலிகளை நன்றாகக் குறைக்கும். பேச்சையும் திடீர் ஒலியையும் அவ்வளவாகக் குறைக்காது. இரைச்சலை மூழ்கடிக்கப் பாட்டின் அளவைக் கூட்டுவது காதுக்கு இரட்டை அடி. இருப்புப்பாதையை ஒட்டி நடக்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரு காதையும் மூடியிருப்பது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒலி தண்ணீரைப் போன்றது. இடுக்கு இருந்தால் புகுந்துவிடும். 9 அங்குலச் சுவர் கட்டிய வீட்டிலும் ஜன்னல் வழியாகவும் கதவின் அடியிலுள்ள இடைவெளி வழியாகவுமே பெரும்பாலான ஒலி உள்ளே வருகிறது. எனவே செலவைத் தொடங்க வேண்டிய இடம் சுவர் அன்று. கதவு, ஜன்னல் விளிம்புகளில் ஒட்டும் ரப்பர் பட்டை. சறுக்கி மூடும் அலுமினிய ஜன்னலைவிட, கீலில் திரும்பி அழுத்தமாக மூடும் ஜன்னல் ஒலியை நன்றாகத் தடுக்கும். கனமான திரைச்சீலை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, தெருவிலிருந்து வரும் லாரி ஒலியை நிறுத்தாது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் யோசனை இணையத்தில் விடாமல் சுற்றுகிறது. கரப்பான் பூச்சிகளுக்குத்தான் அதில் லாபம்.

சித்திரை வெயிலில் ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் இரையும். ஏசி இல்லாத வீடுகளில் இந்தச் சிக்கலுக்கு முழுத்தீர்வு இல்லை. படுக்கையைத் தெருப்பக்கத்திலிருந்து பின்னறைக்கு மாற்றுவதும், தெருப்பக்க ஜன்னலை மூடிப் பின்பக்க ஜன்னலைத் திறப்பதும் பெரும் பயன் தரும். கட்டடமே தடுப்பாக நிற்கிறது. வீடு தேடுபவர் ஒன்றைக் கணக்கில் கொள்ளலாம். ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இருமடங்காக்கினால் குறைவது சுமார் 3 டெசிபல் மட்டுமே. 10 மீட்டரிலிருந்து 20 மீட்டர் தள்ளிப்போவதைவிட, இடையில் ஒரு வரிசைக் கட்டடம் இருக்கும் தெருவே மேல். வாடகைக்கு முடிவு செய்யும் முன் ஒரு முறை இரவு 10 மணிக்கும், ஒரு முறை விடியற்காலையிலும் போய் நின்று கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே எழும் ஒலிகளுக்கு வழிகள் எளிது. மிக்சியின் அடியில் தடித்த துணி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி, குக்கர் விசில் வரும் முன் ‘விசில் வரப்போகுது’ என்று ஒரு சொல். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே மிக வலிமையானது.

ஏன் என்பதற்கு 1972-இல் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் நூலாக வெளியிட்ட சோதனைகளைப் பார்க்கலாம். சிலரை உரத்த, ஒழுங்கற்ற இரைச்சலில் வேலை செய்ய வைத்தனர். ஒரு பகுதியினரிடம் மட்டும், ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் இரைச்சல் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது’ என்றனர். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் பொத்தான் இருந்தவர்கள், பின்னர் தரப்பட்ட புதிர்களில் விடாமுயற்சியுடன் ஈடுபட்டார்கள். பிழை திருத்தும் வேலையிலும் குறைவாகவே தவறினார்கள். இருபுறமும் கேட்ட இரைச்சல் ஒன்றே. நிறுத்த முடியும் என்ற எண்ணமும், எப்போது வரும் என்ற அறிவும் இரைச்சலின் பாதி விஷத்தை முறித்துவிடுகின்றன.

அடுத்த வீட்டாரிடம் பேசும்போதும் இதை நினைவில் கொள்ளலாம். ‘அண்ணா, டிரில் போடுறதை நிறுத்துங்க’ என்பதைவிட, ‘எந்த நேரத்துல போடுவீங்கன்னு சொன்னீங்கன்னா, அம்மாவை அந்த நேரம் வெளியில கூட்டிட்டுப் போயிடுவேன்’ என்பது எளிதில் நிறைவேறும் கோரிக்கை. கோயில் திருவிழாவுக்கும் அப்படியே. விழாக்குழுவினரிடம் ஒலிபெருக்கி எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொண்டால், அன்று உறவினர் வீட்டுக்குப் போகலாம்; அம்பத்தூர் ஏரிக்கரைக்கோ பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதைக்கோ சில மணி நேரம் ஒதுங்கலாம். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் நேரம் வரையறுக்கப்பட்டு வருகிறது. நடைமுறையில் அந்த எல்லை மீறப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கூருணர்வு உள்ள குழந்தையிடம் ‘இந்த நேரம்தான் அதிகம்’ என்று சொல்ல ஒரு கைப்பிடி கிடைக்கிறது.

பள்ளியும் பணியிடமும்

நியூயார்க்கில் உயர்மட்ட இருப்புப்பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்சாஃப்ட், டென்னிஸ் மெக்கார்த்தி ஆகியோர் ஆராய்ந்து 1975-இல் முடிவை வெளியிட்டனர். தண்டவாளப் பக்கத்து வகுப்புகளில் படித்த குழந்தைகள், அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். மேல்வகுப்பில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஓராண்டு. பின்னர் தண்டவாளத்தில் ரப்பர் திண்டுகளும் வகுப்புகளில் ஒலியுறிஞ்சும் கூரையும் வைக்கப்பட்டன. 1981-இல் வெளியான தொடர் ஆய்வில் இடைவெளி மறைந்திருந்தது. அந்தக் குழந்தைகள் கூருணர்வு உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர். சாதாரணக் குழந்தைகளுக்கே இப்படி என்றால், கூசும் காதுள்ள குழந்தையின் நிலை சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய நம் பள்ளிகளில் அத்தகைய மாணவரைச் சாலைப்பக்க ஜன்னலிலிருந்து மாற்றி உட்கார வைப்பது செலவே இல்லாத உதவி. மணியடிக்கும் இடத்திலிருந்து தள்ளி அமர்த்துவதும், விளையாட்டு விழா நாளில் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்புறம் இடம் கொடுப்பதும் அப்படியே.

தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் உச்ச அளவு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்று. பட்டறைகளில் காதுறை கொடுத்தாலும் போடாமல் இருப்பதை வீரமாகக் கருதும் வழக்கம் இன்னும் உண்டு. சேதம் வலியின்றி மெல்ல நடக்கிறது. முதலில் போவது உயர்சுருதி ஒலிகள். குடும்பத்தினர் பேசும் சொற்கள் தெளிவிழக்கும்போதுதான் தெரியவரும். பணி ஓய்வுக்குப் பின் பேரக்குழந்தையின் கூச்சல் தாங்கவில்லை என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர், இளமையில் இரைச்சலைத் தாங்குவதாகப் பெருமைப்பட்டவர்களே.

சட்டம் தரும் பிடி

கூருணர்வு உள்ளவர் தன் காதை மட்டும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. வெளியில் வரம்பு மீறப்படும்போது சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள்கள் மட்டும் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். 2010 திருத்தத்தின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவில் அவசரத்துக்கன்றி ஹாரன் அடிப்பதும், இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்குவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

இவ்விதிகள் நீதிமன்றத்தில் எப்படிப் பொருள் கொள்ளப்பட்டன என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூருக்குக் கிழக்கே உள்ள மாதவரம் நெடுஞ்சாலையில், கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச்சங்கம் 1996-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுத்தது. அங்கிருந்த சர்ச் ஆஃப் காட் சபையின் வழிபாட்டில் ஒலிபெருக்கியும் டிரம் உள்ளிட்ட இசைக்கருவிகளும் பயன்படுவதால் தொல்லை என்பது புகார். இரைச்சலுக்குச் சாலை வாகனங்களே காரணம் என்ற அறிக்கையும் வழக்கில் இருந்தது. உயர்நீதிமன்றம் ஒலியைக் குறைக்க உத்தரவிட்டது. சபை உச்சநீதிமன்றம் சென்றது. 2000 ஆகஸ்ட் 30-இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழிபாட்டு உரிமை என்பது பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைக்கும் உரிமை அன்று என்பது தீர்ப்பின் சாரம். இது எல்லாச் சமயங்களுக்கும் பொருந்தும்.

அத்தீர்ப்பில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான ஒரு பகுதி உண்டு. தூங்கும் குழந்தை, தேர்வுக்குப் படிக்கும் மாணவர், முதியவர், நோயாளி, மனநலம் பாதிக்கப்பட்டவர் ஆகியோரை நீதிபதிகள் தனித்தனியே எண்ணிப் பார்த்தனர். ‘சராசரி மனிதனுக்குத் தொல்லையா’ என்று மட்டும் கேட்காமல், ஒலியை அதிகம் உணர்பவர்களின் உரிமையையும் கணக்கில் எடுத்தனர். 2005-இல் இரைச்சல் மாசு குறித்து உச்சநீதிமன்றம் தந்த விரிவான தீர்ப்பு இதே வழியில் மேலும் சென்றது.

நடைமுறைக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022-இல் தோன்றிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. இரவு நேர ஒலிபெருக்கிக்கு 100 அல்லது 112-ஐ அழைக்கலாம். தொழிற்சாலை, ஜெனரேட்டர் ஒலிக்கு அம்பத்தூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் தரலாம். புகாரில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்ற குறிப்பு ஒரு வாரத்துக்காவது இருந்தால் வலுவாக இருக்கும். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் எண் தோராயமானது; ஏற்ற இறக்கத்தைக் காட்ட உதவும், அளவுச் சான்றாக நிற்காது. தனியாகப் புகார் தருபவரை ‘சிடுமூஞ்சி’ என்று தெரு முத்திரை குத்திவிடும் என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் வழியே போவது பெரும்பாலும் நல்லது. மாதவரத்தில் வென்றதும் ஒரு சங்கம்தான்.

மருத்துவ உதவி

திடீரென ஒரு காதில் கேட்காமல் போதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைக்காயத்துக்குப் பின் வரும் ஒலிக்கூச்சம், சீழ் அல்லது தலைசுற்றல் ஆகியவை இருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மற்ற நிலைகளில் அவசரம் இல்லை. மருத்துவர் காதைப் பார்த்தபின், செவியியல் வல்லுநர் செவித்திறனையும், எந்த அளவில் ஒலி பொறுக்க முடியாததாகிறது என்பதையும் அளப்பார். இந்த இரண்டாவது சோதனையில் உரத்த ஒலி தரப்படும். கூச்சம் உள்ளவர் அதை முன்பே சொல்லி, மெல்ல ஏற்றும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று நிறுத்தவும் உரிமை உண்டு.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடும் பயிற்சியும் கிடைக்கின்றன. மேற்குப் புறநகரிலிருந்து அது நெடும்பயணம். போகும் வழியே கூருணர்வுள்ள குழந்தைக்குப் பெரிய சோதனை என்பதால், காலை நெரிசலுக்கு முன் கிளம்புவதும் கையில் காதுறை வைத்திருப்பதும் நலம்.

மிகையொலி உணர்வுக்கு மாத்திரை கிடையாது. மெல்லிய ஒலியைக் காதுக்குத் தொடர்ந்து தந்து எல்லையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் ஒலிச்சிகிச்சையும், ஒலியைப் பற்றிய பயத்தையும் அதனால் எழும் எண்ணங்களையும் கையாளப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையுமே இப்போதுள்ள முக்கிய வழிகள். வீட்டிலேயே தொடங்க நினைப்பவர், மழை ஒலியையோ மின்விசிறி ஒலியையோ, அது கேட்பதே மறந்துபோகும் அளவுக்குக் குறைத்துவைத்து, நாளுக்குச் சில மணி நேரம் ஓடவிடலாம். வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் பலன் தெரியும். இடையில் ஒரு தீபாவளி வந்து எல்லாம் பழைய நிலைக்குப் போனதுபோலத் தோன்றினாலும், சில நாள் ஓய்வுக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.